லுக்லா: கால்களால் மிதித்துச் சமன் செய்த ஓடுபாதை

ஆண்டிறுதித் தேர்வுத் தாள்களைத் திருத்தும் பணி முடிந்து இப்போதுதான் மூச்சு விட முடிந்தது. இப்பக்கத்தை எட்டிப் பார்த்து ஏமாந்து போனவர்கள் பொறுத்தருள்க.

சில வாரங்களுக்கு முன் என் தொடக்கநிலை ஐந்து மாணவர்கள் இருபத்திரண்டு பேரும் வகுப்பில் எழுந்து நின்று, ஒருவர் தோள்மீது ஒருவர் கை போட்டுக்கொண்டு, தரையை ஓங்கி மிதித்து ஆடினார்கள். ஆடச் சொன்னவள் நானேதான். பக்கத்து வகுப்பு ஆசிரியை கதவைத் திறந்து என்ன நேர்ந்தது என்று கேட்டுவிட்டுச் சென்றார். செய்தி அத்துடன் நிற்கவில்லை. பெற்றோர் சந்திப்பு நாளன்று ஒரு மாணவனின் தந்தை, மிகுந்த மரியாதையுடன்தான், "டீச்சர், நீங்க ஏதோ நேப்பாளத்து விமான நிலையத்தைப் பத்திப் பாடம் நடத்தினீங்களாமே. அது பி.எஸ்.எல்.இ. தேர்வுல வருமா?" என்று வினவினார். வராது என்றேன். அவர் புன்னகையுடன் தலையசைத்தார். அடுத்த பெற்றோர் வெளியே காத்திருந்தமையால் அதற்குமேல் பேச இயலவில்லை. அன்று அவரிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2018ஆம் ஆண்டு நவம்பர் விடுமுறையில் நானும் என் கணவரும் அப்போது பதினைந்து வயதான எங்கள் மகளும் நேப்பாளம் சென்றோம். மலையேறும் எண்ணம் எங்களுக்குக் கிடையாது. புக்கிட் பாத்தோக்கில் நாங்கள் குடியிருக்கும் புளோக்கில் மின்தூக்கி பழுதானால் ஒன்பதாம் மாடிக்கு ஏறவே எனக்கு இரண்டு முறை நின்று மூச்சு வாங்க வேண்டும். எவரெஸ்டைத் தொலைவிலிருந்தாவது கண்டு வர வேண்டும் என்பது மகளின் ஆசை. அதற்கு நுழைவாயில் லுக்லா. காத்மாண்டுவிலிருந்து அங்கே விமானத்தில் ஏறக்குறைய முப்பத்தைந்து நிமிடப் பயணம்.

அந்த முப்பத்தைந்து நிமிடத்துக்காக இரண்டு நாள் விமான நிலையத்தில் அமர்ந்திருந்தோம். காலையில் மலையில் மேகம் இருந்தால் பறக்க இயலாது. மேகம் விலகும்போது நண்பகலாகிவிட்டால் பள்ளத்தாக்கில் காற்று எழுந்துவிடும், அப்போதும் பறக்க இயலாது. மூன்றாம் நாள் விடியற்காலையில் எங்களையும் பைகளையும் எடைபோட்டு, பதினைந்து பேர்கூட அமர இயலாத ஒரு சிறு விமானத்தில் ஏற்றினார்கள். பணிப்பெண் தட்டில் மிட்டாயும் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சும் கொண்டுவந்து நீட்டினார். விமானிகளுக்கும் எங்களுக்கும் இடையே கதவு இல்லை. அவர்கள் காண்பதையெல்லாம் நாங்களும் கண்டோம். இது நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

சன்னலுக்கு வெளியே மலைச்சரிவுகள் நம் இறக்கைக்கு மேலே உயர்ந்து நின்றன. கீழே தூத் கோசி ஆறு. தூத் என்றால் பால், நம் பாலாறேதான். (வேலூர்ப் பாலாற்றில் தண்ணீரைத் தேட வேண்டும், இங்கே பனி உருகிய நீர் உண்மையிலேயே பால் நிறத்தில் பாய்கிறது.) திடீரென்று முன்கண்ணாடியில், எதிரேயிருந்த மலையின் மேல் ஒரு சாம்பல் நிறத் துண்டு தென்பட்டது. பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் சாய்தளம் போலச் சரிந்திருந்தது. அதுதான் ஓடுபாதை என்று உணர்வதற்குள் சக்கரங்கள் அதைத் தொட்டுவிட்டன. விமானம் மேட்டில் ஏறி, உச்சியில் வலப்புறம் திரும்பி நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். என் மகள் என் மணிக்கட்டைப் பற்றியிருந்த இடம் சிவந்திருந்தது. அவள் பற்றினாளா, நான் பற்றினேனா என்பதில் எங்கள் வீட்டில் இன்றும் வழக்கு உண்டு.

பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து கணக்கிட்டுப் பார்க்கச் சில எண்கள் தருகிறேன். லுக்லா விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 2,845 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர். நம் சாங்கி விமான நிலையத்தின் ஓடுபாதை 4,000 மீட்டர். அதில் லுக்லாவின் ஓடுபாதையை ஏழு முறை வரிசையாக வைத்த பிறகும் இடம் மிஞ்சும். லுக்லா ஓடுபாதையின் சரிவு 11.7 விழுக்காடு. அதாவது கீழ் முனைக்கும் மேல் முனைக்கும் உயர வேறுபாடு ஏறக்குறைய அறுபது மீட்டர், இருபது மாடி வீவக புளோக் ஒன்றின் உயரம். கீழ் முனைக்கு அப்பால் சுமார் 600 மீட்டர் ஆழப் பள்ளத்தாக்கு. மேல் முனையில் கற்சுவர். அதற்குப் பின்னால் மலை. இறங்கத் தொடங்கி ஓர் எல்லையைக் கடந்துவிட்டால் மீண்டும் மேலெழுந்து வட்டமடித்து வர வழியில்லை.

இந்தச் சரிவை அச்சுறுத்தும் குறையாகவே பலர் எழுதுகின்றனர். உண்மையில் இந்த ஓடுபாதை பயன்படுவதே சரிவினால்தான். அவ்வளவு உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அதனால் இறக்கைகளைத் தாங்க விமானம் கூடுதல் வேகத்தில் வர வேண்டும்; கூடுதல் வேகத்தில் வந்தால் நிற்பதற்குக் கூடுதல் தூரம் வேண்டும். மலையிலோ தூரம் கிடையாது. ஆகவே மேட்டை நோக்கி இறங்கி வேகத்தைக் குறைக்கிறார்கள், பள்ளத்தை நோக்கி ஓடி வேகத்தைக் கூட்டிப் புறப்படுகிறார்கள். சைக்கிளில் மேடேறினால் தானாக நிற்கும், இறங்கினால் தானாக ஓடும். என் மாணவர்களுக்கு இது நொடியில் விளங்கியது.

சரி, இத்தகைய இடத்தில் ஏன் ஓடுபாதை அமைத்தார்கள்? மலையேறுவோருக்காக என்றுதான் நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அது பிழை.

1953ஆம் ஆண்டு மே 29 அன்று எட்மண்ட் ஹில்லரியும் டென்சிங் நோர்கேயும் எவரெஸ்டின் உச்சியை அடைந்தார்கள். அக்குழுவினர் காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து, 350க்கும் மேற்பட்ட சுமைக்காரர்களுடன், இரண்டு வாரங்களுக்கு மேல் நடந்தே ஷெர்ப்பாக்களின் கும்பு நாட்டை அடைந்தனர். புகழ் பெற்ற பின் ஹில்லரி அம்மக்களை மறக்கவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேட்டார். அவர்கள் கேட்டது பள்ளிக்கூடம்.

1961இல் கும்ஜுங் என்னும் சிற்றூரில் அப்பள்ளி திறக்கப்பட்டது. இந்தியாவின் கல்கத்தாவிலிருந்து நன்கொடையாக வந்த அலுமினியக் கட்டடம் அது. அதன் பகுதிகள் மிங்போ என்னும் இடத்தில் அமைத்த தற்காலிக ஓடுபாதையில் சிறு விமானம் மூலம் இறக்கப்பட்டன. மிங்போ ஏறக்குறைய 15,000 அடி உயரம். ஒவ்வொரு முறை இறங்குவதும் ஏறுவதும் உயிரைப் பணயம் வைப்பதாக இருந்தது. பிற ஊர்களும் பள்ளி கேட்டன. குண்டே என்ற ஊரில் மருத்துவமனை கட்டவும் திட்டம் உருவாயிற்று. சிமெண்டும் மரப்பலகையும் மருந்தும் இரண்டு வார நடைதூரத்தைக் கடந்து மனித முதுகில் வர வேண்டும். இவற்றைக் கொண்டுவர, இன்னும் தாழ்வான ஓர் இடத்தில் நிலையான ஓடுபாதை தேவைப்பட்டது.

ஹில்லரி முதலில் சமதளமான வயல் நிலத்தைத்தான் விரும்பினார். விவசாயிகள் தர மறுத்துவிட்டனர். எனக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். எவரெஸ்ட் நாயகரே வந்து கேட்கிறார். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் என்கிறார். ஆயினும் அவர்கள் இயலாது என்கிறார்கள். செங்குத்து மலை நாட்டில் சமநிலம் என்பது அடுத்த ஆண்டுச் சோறு. ஆகவே ஹில்லரி சரிவான மேய்ச்சல் நிலத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. லுக்லாவில் அத்தகைய நிலத்தை ஷெர்ப்பாக்களிடமிருந்து 2,650 அமெரிக்க வெள்ளிக்கு வாங்கினார். இன்று உலகமே வியக்கும் அந்தச் சாய்வு, சில உழவர்கள் தங்கள் வயலைக் காத்துக்கொண்டதன் விளைவு.

1964இல் வேலை தொடங்கியது. புதர்களை வெட்டி, கற்களைப் பெயர்த்து, மேட்டைக் கரைத்துப் பள்ளத்தை நிரப்பினார்கள். சாலை உருளை இயந்திரம் அங்கே எப்படி வரும்? நிரப்பிய மண் பொதபொதவென்று இருந்தது. சக்கரம் பட்டால் புதைந்துவிடும். அப்போது ஹில்லரி செய்த ஏற்பாடு இன்றும் பேசப்படுகிறது. ஷெர்ப்பாக்களின் நடனத்தில் ஆணும் பெண்ணும் வரிசையாகக் கைகோத்து நின்று, ஒரே தாளத்தில் தரையை மிதிப்பார்கள். அவர்களுக்கு வேண்டிய பானத்தை வாங்கிக் கொடுத்து, ஓடுபாதையின் மேல் ஆடச் சொன்னார். ஆடினார்கள். மண் இறுகியது. (வகுப்பில் 'பானம்' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பெற்றோருக்குச் சொல்லலாம்: அது தானியத்தில் புளிக்க வைத்த உள்ளூர்க் கள். நம் சங்கப் பாடல்களில் வரும் தோப்பி என்னும் நெற்கள்ளின் உறவுக்காரர் எனலாம்.) 2001ஆம் ஆண்டில் தார் போடப்படும் வரை, முப்பத்தேழு ஆண்டுகள், விமானங்கள் மண் ஓடுபாதையிலேயே இறங்கின.

என் மாணவர்கள் ஆடியது இந்த ஆட்டத்தைத்தான். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில், பிள்ளைகளின் உடம்புக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து வரலாற்றைத் தொடங்குங்கள் என்று எங்கள் விரிவுரையாளர் ஒருவர் வலியுறுத்துவார். அவர் சொன்னவற்றில் பெரும்பகுதி மறந்துவிட்டது. இது மட்டும் தங்கிவிட்டது.

மலைநாட்டு ஓடுபாதை என்றதும் இந்திய வரலாறு அறிந்தோர் லே நகரை நினைப்பர். 1948 மே 24 அன்று விமானப் படையின் மெஹர் சிங், தளபதி திம்மையாவை உடன் ஏற்றிக்கொண்டு, டகோட்டா விமானத்தை அங்கே முதன்முதலாக இறக்கினார். 10,000 அடிக்கு மேற்பட்ட அந்த இடத்தில் ஓடுபாதை அமைத்தவர் லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் நோர்பு. ஒரு மாதத்துக்குள் அமைத்து முடித்தார். அது போருக்காக, நகரைக் காக்கப் படையை இறக்குவதற்காகப் போட்ட பாதை. அதற்குரிய பெருமை அதற்கு உண்டு. லுக்லா பலகைக்கும் சிலேட்டுக்குமாகப் போடப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துச் சொன்னபோது என் மாணவர்களுக்கு லேயின் கதைதான் அதிகம் பிடித்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். போர் விமானம் என்றால் பையன்களுக்குத் தனி ஆர்வம்.

லுக்லா ஓடுபாதை வந்ததும் வேலைகள் விரைந்தன. 1966இல் குண்டே மருத்துவமனை திறக்கப்பட்டது. கும்ஜுங் பள்ளியில் முதலில் படித்தவர்களுள் ஒருவரான மிங்மா நோர்பு ஷெர்ப்பா, பின்னாளில் எவரெஸ்ட் அடங்கிய சாகர்மாதா தேசியப் பூங்காவின் தலைமைக் காப்பாளராக உயர்ந்தார். அதே பள்ளியில் படித்த காமி டெம்பா மருத்துவராகி, குண்டே மருத்துவமனைக்கே பொறுப்பேற்றார். ஓர் ஆசிரியைக்கு இவ்விரண்டு வரிகள் போதும். எவரெஸ்டின் உயரமான 8,849 மீட்டரைவிட இவை எனக்குப் பெரியவையாகத் தெரிகின்றன.

ஆனால் கொடுத்த விலையும் பெரிது. 1975 மார்ச் 31. ஹில்லரி பாப்லு என்னும் ஊரில் இன்னொரு மருத்துவமனையைக் கட்டும் வேலையில் இருந்தார். அவருடைய மனைவி லூயிஸும் இளைய மகள் பெலிண்டாவும் அவரிடம் செல்வதற்காகக் காத்மாண்டுவில் சிறு விமானம் ஏறினர். புறப்பட்ட சிறிது நேரத்தில் விமானம் விழுந்தது. இருவரும் மாண்டனர். பெலிண்டாவுக்குப் பதினாறு வயது. பாப்லுவில் விமானத்தை எதிர்நோக்கியிருந்த தந்தையிடம் ஹெலிகாப்டரில் வந்து செய்தி சொன்னார்கள்.

இதை நான் பயணத்துக்கு முன்பே படித்திருந்தேன். காத்மாண்டுவில் காத்திருந்த அந்த இரண்டு நாளும், அதே விமான நிலையத்தில், பதினைந்து வயது மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். "என்னங்க, திரும்பிடலாமா?" என்று கணவரிடம் இரண்டாம் நாள் மாலை கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குமுன் மகள், "அம்மா, நீங்கதானே மாணவர்கள்கிட்ட பயந்தா படிக்க முடியாதுன்னு சொல்வீங்க" என்றாள். நாம் வகுப்பில் சொல்பவை வீட்டுக்குத் திரும்பி வரும் என்பதை எந்தப் பயிற்சிக் கழகமும் எச்சரிப்பதில்லை. வீம்புக்காகவே ஏறினேன் என்பதுதான் உண்மை.

ஹில்லரி நெடுநாள் துயரத்தில் ஆழ்ந்திருந்தார். ஆயினும் பள்ளிகள் கட்டுவதை அவர் நிறுத்தவில்லை. 2008 ஜனவரி 11 அன்று அவர் மறைந்தார். அதே மாதத்தில் லுக்லாவுக்கு டென்சிங்-ஹில்லரி விமான நிலையம் என்று பெயர் சூட்டினார்கள். அவ்வாண்டு அக்டோபர் 8 அன்று, மூடுபனியில் அங்கே இறங்க முயன்ற விமானம் ஒன்று ஓடுபாதைக்குச் சற்றுக் கீழே மோதியது. இருந்த பத்தொன்பது பேரில் விமானி மட்டுமே பிழைத்தார்.

இன்னொரு விலையும் உண்டு. பள்ளிக்காகப் போட்ட பாதையில் பயணிகள் வந்து குவிந்தனர். இரண்டு வாரம் நடக்க வேண்டியிருந்தவரை வராதவர்களெல்லாம் அரை மணியில் வந்திறங்கினார்கள். விறகுக்காக மரங்கள் வெட்டப்பட்டன, மலையில் குப்பை சேர்ந்தது. பழைய நடைவழியில் தேநீர் விற்றும் இடம் கொடுத்தும் பிழைத்த ஊர்கள் வாடிக்கையாளரை இழந்தன. இவ்வளவு விரைவில் இவ்வளவு கூட்டம் வருவதற்குத் தாமும் வழிசெய்துவிட்டோமே என்று ஹில்லரியே பின்னாளில் வருந்தியதுண்டு. 1976இல் சாகர்மாதா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது காட்டைக் காக்கும் முயற்சியே. நானும் அக்கூட்டத்தில் ஒருத்திதான். எனவே இதைப் பற்றி உரக்கப் பேச எனக்குத் தகுதியில்லை. எனினும் ஒன்றைச் சொல்லலாம். நாங்கள் தங்கிய விடுதியின் மூதாட்டியிடம், விமானம் வராமல் இருந்திருந்தால் நல்லதா என்று வழிகாட்டி மூலம் கேட்டேன். அவர் நெடுநேரம் சிரித்தார். பிறகு, தம் தாய் உப்பு வாங்கப் போய் வர எத்தனை நாளாகும் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டு கை விரல்களும் தீர்ந்த பின் மறுபடி முதல் விரலுக்கு வந்தார்.

நம் தமிழர் கதைக்கு வருவோம். 1997 மே 23 அன்று எவரெஸ்டின் உச்சியில் முதன்முதலாக மலேசியக் கொடியை நாட்டிய இருவரும் தமிழர்: மு. மகேந்திரனும் ந. மோகனதாசும். மறு ஆண்டு, 1998 மே 25 அன்று, சிங்கப்பூர்க் குழுவின் எட்வின் சியூவும் கூ சுவீ சியாவும் உச்சியை அடைந்தனர். இரு குழுக்களும் நேப்பாளத்தின் வழியே, தெற்குப் பக்கமாக ஏறியவை. என் வகுப்பில் கேட்டேன்: எவரெஸ்டில் ஏறிய தமிழர் யாரேனும் உண்டா? சிலர் திரைப்பட நடிகர் பெயரைச் சொன்னார்கள். கடல்மட்டத்தையொட்டி வாழும் பிள்ளைகள் இவர்கள். நம் தீவின் மிக உயர்ந்த புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்கூட எட்டாது. ஜொகூர்ப் பாலத்துக்கு அப்பால் நம்மைப் போலவே வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த இருவர் அங்கே நின்றார்கள் என்பது இவர்களுக்கு எட்டவே இல்லை. இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. நாம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவே.

பாடத்தின் முடிவில், 'லுக்லா ஓடுபாதை' என்ற தலைப்பில் ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் ஹில்லரியைப் பற்றி எழுதினர். சிலர் விமானம் படம் வரைந்து பாதிப் பக்கத்தை நிரப்பினர். மேலே சொன்ன தந்தையின் மகன் மட்டும் நிலம் தராத விவசாயிகளைப் பற்றி எழுதியிருந்தான். அவர்கள் இல்லை என்று சொன்னதால்தான் எல்லாரும் சேர்ந்து ஆட வேண்டி வந்தது, அவர்கள் வயலில் இன்னும் உருளைக்கிழங்கு விளையும், அதைத்தான் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் சாப்பிடுவார்கள் என்பது அவன் வாதம். நான் வகுப்பில் இப்படிச் சொல்லித் தரவில்லை. உருளைக்கிழங்கை அவன் எங்கிருந்து பிடித்தான் என்றும் புரியவில்லை. ஆனால் அங்கே உருளைக்கிழங்குதான் முக்கியப் பயிர் என்பது உண்மை.

கருத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். 'வயல்' என்பதை மூன்று இடங்களில் 'வயள்' என்று எழுதியிருந்தான்; அதற்கு ஒன்றரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன். ஐயா, கட்டுரைக் கோப்பு இந்த வாரம் வீட்டுக்கு வரும். கையெழுத்திடுமுன் ஒரு முறை படித்துப் பாருங்கள்.